கதை ஏன் வாசலோடு நிற்கிறது?

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதியதைப் பார்த்து அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' குறுநாவலை வாங்கிப் படித்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம், ஒரே இரவில் முடிந்தது. ஆனால் கதை தொடங்க வேண்டிய இடத்தில் முடித்துவிட்டாரே? கரி வியாபாரி ஃபர்லாங் கன்னியர் மடத்திலிருந்து அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தபின் மனைவி என்ன சொன்னாள், மடத்துக்காரர்கள் சும்மா விட்டார்களா? இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நாவல் தந்த நிறைவு இதில் இல்லை. கஷ்டமான பகுதியை எழுதாமல் நழுவிவிட்டார் என்றே தோன்றுகிறது.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

கஷ்டமான பகுதியைத்தான் அவர் எழுதியிருக்கிறார் என்பது என் கட்சி.

1985 கிறிஸ்துமஸ் சமயம், அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து நியூ ராஸ் என்ற ஊர். ஆட்கள் வேலையிழந்து ஊரைவிட்டுக் கிளம்பும் காலத்தில் பில் ஃபர்லாங்குக்குக் கரி வியாபாரம் ஓடுகிறது, ஐந்து பெண் பிள்ளைகள். மடத்துக்குக் கரி இறக்கப் போனவர் கரிக்கொட்டகைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பெண்ணைப் பார்க்கிறார். அதன்பிறகு அவரை யாரும் மிரட்டுவதில்லை, கவனித்தீர்களா? மடத்துத் தலைவியான மதர் சுப்பீரியர் தேநீர் கொடுத்து, மகள்களின் படிப்பை விசாரித்து, பண உறை ஒன்றையும் தருகிறார். மனைவி ஐலீன் இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறாள். சாப்பாட்டுக் கடைக்கார அம்மாள் உண்மையான அக்கறையோடுதான் எச்சரிக்கிறாள். எல்லாருமே அவர் நல்லதுக்குச் சொல்கிறார்கள், அதுதான் பயங்கரம்.

இது கற்பனை ஊரின் கதையும் இல்லை. 1922க்குப் பிறகு மட்டும் சுமார் 10,000 பெண்கள், கல்யாணமாகாமல் தாயானவர்கள் உட்படப் பலரை அடைத்துவைத்துக் கன்னியாஸ்திரிகள் கூலியில்லாமல் வேலை வாங்கிய மக்தலேன் சலவைக்கூடங்களுக்குள் போனதாக அயர்லாந்து அரசின் அறிக்கையே சொல்கிறது. அங்கே துணி வெளுக்கக் கொடுத்த வாடிக்கையாளர்களில் அரசும் ஒன்று. கடைசிக் கூடம் 1996இல் மூடப்பட்டது, பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2013இல். அத்தனை காலம் ஊருக்குத் தெரிந்தேதான் நடந்தது.

ஃபர்லாங்கின் அம்மா கல்யாணமாகாமல் அவரைப் பெற்ற வேலைக்காரப் பெண். திருமதி வில்சன் என்ற எஜமானி வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டதால் பிழைத்தாள், இல்லாவிட்டால் அவளும் ஒரு சலவைக்கூடத்தில்தான் இருந்திருப்பாள். (தகப்பன் யார் என்று அவருக்குப் புலப்படும் இடம் கொஞ்சம் வசதியாக வந்து விழுகிறது, அது எனக்கும் குறைதான்.)

இஷிகுரோவுக்கு வருவோம். இரண்டு யூத வேலைக்காரிகளை நீக்கச் சொல்கிறார் டார்லிங்டன் பிரபு, பட்லர் ஸ்டீவன்ஸ் மறுபேச்சில்லாமல் நீக்குகிறார். வீட்டு நிர்வாகி மிஸ் கென்டன் கொதித்து, நானும் போகிறேன் என்கிறாள், போக்கிடமில்லாததால் போகவில்லை. ஒரு வருஷம் கழித்து, எஜமானே வருத்தப்பட்ட பிறகுதான், எனக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது என்று ஸ்டீவன்ஸ் வாய் திறக்கிறார். வாழ்க்கை முடிந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்லும் கதை, அதனால் எல்லாக் கணக்கும் தீர்ந்து உங்களுக்கு நிறைவு கிடைத்தது. ஃபர்லாங்குக்கு அந்த வசதி கிடையாது. பின்னால் நாடே மன்னிப்புக் கேட்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது, அவர் 1985இல் நிற்கிறார், மகள்களுக்கு ஊரில் இருக்கும் ஒரே நல்ல பள்ளிக்கூடம் மடத்தை ஒட்டியது.

நீங்கள் கேட்கும் பின்கதையும் உள்ளேயே இருக்கிறது. மனைவிக்கு வாங்கிய புது ஷூ பெட்டியும் கையுமாக, காலில் செருப்பில்லாத அந்தப் பெண்ணோடு ஊர் வழியே நடக்கிறாரே, அந்தப் பக்கங்களை இன்னொரு தரம் படியுங்கள். அவர்களைக் கண்டதும் தெரிந்தவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஒதுங்குகிறார்கள். இனி வியாபாரம் என்னாகும், பிள்ளைகள் படிப்பு என்னாகும் என்பதற்கு வேறு பதில் வேண்டுமா? இன்னும் நூறு பக்கம் எழுதியிருந்தால் அவரைத் தியாகி ஆக்கியிருக்க வேண்டும், அல்லது பரிதாபத்துக்குரியவர் ஆக்கியிருக்க வேண்டும். இரண்டுமே இதைவிடச் சுலபம்.

அடுத்து அன்னா பர்ன்ஸின் 'மில்க்மேன்' எடுங்கள். 2018 புக்கர் பரிசு பெற்றது. வட அயர்லாந்துக் கலவர காலத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை ஊர் வம்புப் பேச்சாலேயே சுற்றி வளைக்கும் கதை. யாருக்கும் பெயர் கிடையாது, பத்திகள் பக்கக்கணக்கில் நீளும், முதல் ஐம்பது பக்கம் திணறும். அப்புறம் அவள் குரல் பிடிபட்டுவிடும்.