முன்பல் அழகு: வாசகர் கடிதங்களுக்குப் பதில்கள்

முன்பல்லின் நுனி சிறிது உடைந்துவிட்டது. பாண்டிங் போதுமா, வெனீர் போட வேண்டுமா? (திருச்சி)

பாண்டிங் போதும். பல்லின் முன்பக்கத்தை மூடி ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் தேவையில்லை. பாண்டிங்கில் பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கி, காம்போசிட் பிசினை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளியில் இறுக்குவார்கள். ஒரே அமர்வில் முடியும். பெரும்பாலும் மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் ஓரம் பெயர்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் ஒட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மசாலா பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

பற்கள் மஞ்சளாக இருக்கின்றன. நல்ல சிகிச்சை ஒன்று சொல்லுங்கள். (ஊர் எழுதவில்லை)

ஊரை மட்டுமா எழுதவில்லை? வயது, புகையிலைப் பழக்கம், நாளுக்கு எத்தனை தேநீர் என எதையும் எழுதாமல் சிகிச்சையை மட்டும் கேட்கிறீர்கள். மேலே படிந்த கறையென்றால் அதைக் கருவியால் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தாலே போய்விடும். வயதாக ஆக பல்லின் வெளிப்படலமான எனாமல் தேய்ந்து உள்ளிருக்கும் டென்டினின் நிறம் தெரிகிறதென்றால், மருந்தால் பல்லை வெளுக்கவைக்கும் பிளீச்சிங் உதவும். முதலில் ஒரு பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். பல்லை ஆட்டுவது ஈறு நோய்தான்.

இரண்டு பற்களில் பாண்டிங் இருக்கிறது. இப்போது பிளீச்சிங் செய்தால் அவையும் வெளுக்குமா? (கோவை)

வெளுக்காது. சுற்றியுள்ள பற்கள் வெளுத்து, இவை இரண்டும் மங்கலாகத் தனித்துத் தெரியும். பிளீச்சிங்கை முடித்து இரண்டு வாரம் கழித்துப் பழைய பாண்டிங்கை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 24 வயது. பத்து நாளில் திருமணம். முன்பற்கள் லேசாகக் கோணல். எட்டுப் பற்களுக்கும் கேப் போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார்கள். போடலாமா? (மதுரை)

வேண்டாம். இந்தக் கேள்வி மாதந்தோறும் வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேப் என்பது பல்லை முழுவதுமாக மூடும் உறை. அது சிதைந்த பல்லையோ, வேர் சிகிச்சை செய்து வலுவிழந்த பல்லையோ காப்பதற்கு உரியது. அதை மாட்டுவதற்குப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை தேய்த்தாக வேண்டும். நுனியில் இன்னும் கூடுதலாகவே போகும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் தூளாகிவிடும். வெனீருக்கு முன்பக்கம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தேய்த்தால் போதும். பாண்டிங்குக்குப் பெரும்பாலும் தேய்க்கவே வேண்டியதில்லை. தேய்த்த எனாமல் மறுபடி வளராது என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குத் திருமணத்தை ஒட்டி எட்டு கேப்புகளை ஒன்றோடொன்று சேர்த்தே வார்த்து மாட்டியிருந்தார்கள். இடையில் ஃபிளாஸ் நூல் நுழையவில்லை. விளிம்பு நெடுக ஈறு வீங்கி, தொட்டாலே இரத்தம் கசிந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பென்சிலைச் சீவியதுபோல் எட்டு முளைகள் நின்றன. அவற்றில் இரண்டில் நரம்பு செத்திருந்தது. கேப்பின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால், 24 வயதில் மாட்டியவர் 70 வயதுக்குள் மூன்று நான்கு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை ஏனோ யாரும் முதலில் சொல்வதில்லை.

உங்கள் மகளுக்குப் பத்து நாளில் செய்யக்கூடியது ஸ்கேலிங்கும், கோணல் உறுத்தும் ஓரிரு பற்களில் மட்டும் பாண்டிங்கும்தான். பிளீச்சிங்கையும் இதோடு சேர்க்க முடியாது. பிளீச்சிங் முடிந்த கையோடு ஒட்டினால் எனாமலில் தங்கும் ஆக்சிஜன் காம்போசிட்டைச் சரியாகப் பிடிக்கவிடாது. கோணலை நிமிர்த்துவதைத் திருமணத்துக்குப் பிறகு கிளிப்பிலோ, கழற்றி மாட்டும் ஒளிபுகு உறையான அலைனரிலோ நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பற்களில் பழுப்புத் திட்டுகள். வெனீர்தான் வழியா?

எடுத்த எடுப்பிலேயே வெனீர் வேண்டாம். உங்கள் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரை, பல் உருவாகும் எட்டு வயதுக்குள் தொடர்ந்து குடித்தால் எனாமலுக்குள்ளேயே திட்டு படிந்துவிடும். அதனால் ஸ்கேலிங்கில் போகாது. மேலோட்டமான பழுப்பென்றால் அமிலமும் பியூமிஸ் தூளும் கலந்து மிக மெல்லிய படலத்தை மட்டும் உரசி எடுக்கும் மைக்ரோஅப்ரேஷனும், பிறகு பிளீச்சிங்கும் பலருக்குப் போதும். குழி விழுந்திருந்தால் மட்டும் பாண்டிங், அதற்கும் அடங்காவிட்டால் வெனீர். இத்தகைய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. ஒட்டியது சீக்கிரம் பெயர்ந்துவிடும். ஆகவே இதில் அனுபவமுள்ளவரிடமே செல்லுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் கொடுங்கள்.

எலுமிச்சையும் உப்பும் தேய்த்தால் பல் வெளுக்குமா? (சேலம்)

எனாமல் கரையும். செய்யாதீர்கள்.

ஒன்பது வயது மகளின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. பாண்டிங்கால் அடைத்துவிடலாமா? (தஞ்சாவூர்)

இந்த வயதில் அந்த இடைவெளி இயல்பானது. மேல் கோரைப்பற்கள் பதினொன்று பன்னிரண்டு வயதில் முளைத்து இறங்கும்போது முன்பற்களை நெருக்கித் தள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இடைவெளி தானே மூடிக்கொள்ளும். இப்போது அடைத்தால் பல் நகர வேண்டிய இடத்தை நாமே மறித்ததாகிவிடும். கோரைப்பற்கள் முழுவதும் முளைத்த பிறகும் இடைவெளி அப்படியே இருந்தால், மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு மடிப்பு தடித்துப் பற்களுக்கு நடுவே இறங்கியிருக்கிறதா என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.