"புரிந்ததா?" என்றால் தலையாட்டுகிறார்கள், தேர்வில் வெற்றுத்தாள் தருகிறார்கள்

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் அறுபது பேர். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்தவர்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், தேர்வில் வெற்றுத்தாள் வருகிறது. அசைன்மென்ட் ஒருபோதும் நேரத்துக்கு வருவதில்லை. கண்டித்தால் ஒதுங்குகிறார்கள். விட்டுக்கொடுத்தால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்கிறார்கள் மூத்தவர்கள். நான் என்னதான் செய்வது? - உதவிப் பேராசிரியை, பெயர் வேண்டாம்.

பதில்: மூத்தவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணை வாரி வழங்குவதுதான் இரக்கம் என்று நினைத்தால், அது மாணவரையே கவிழ்த்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி எழுத்துத் தாளுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. நாற்பதை முழுதாகப் போட்டுக்கொடுத்தாலும் அந்த அறுபதில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தனியாக எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அரியர்தான். ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல ஒரு பிள்ளை ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறது என்று பாருங்கள். நீங்கள் மாற்றக்கூடியது அங்கேதான் இருக்கிறது.

முதலில், "புரிந்ததா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அறுபது பேர் நடுவில் எழுந்து "இல்லை" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அணிகள் (matrices) பாடத்தில் வரும் ஐகன் மதிப்பு (eigenvalue) காணும் கணக்கை எடுத்துக்கொள்வோம். அணிக்கோவையை (determinant) எழுதிவிட்டு, விரிக்கும் வரிக்கு முன்னால் சாக்பீஸைக் கீழே வையுங்கள். அடுத்த வரியை எல்லோரும் நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரின் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நீங்கள் மேடையைவிட்டு இறங்கி, கடைசி பெஞ்சு வரை ஒருமுறை நடந்து வாருங்கள். பலருடைய நோட்டில் நடு உறுப்புக்கு முன்னால் வர வேண்டிய கழித்தல் குறி இருக்காது. திரும்பிப் போய் சரியான வரி, தவறான வரி இரண்டையும் போர்டில் எழுதி, "இரண்டும் நம் வகுப்பில்தான் இருக்கின்றன. எது சரி, ஏன்?" என்று கேளுங்கள். தவறு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனுக்குத் தெரியும், அது போதும்.

கேட்டபின் காத்திருங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்துச் சொன்னார். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். உங்கள் மாணவர்கள் கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கித் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். அவர்களுக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு? தமிழில் பதில் சொல்லலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு யூனிட் தொடங்கும்போதும் போர்டின் ஓரத்தில் அணி, அணிக்கோவை, அணியின் தரம், வகைக்கெழு என்று ஆங்கிலச் சொற்களுக்கு நேரே எழுதிப்போடுங்கள். பிளஸ் டூவில் இந்தக் கணக்குகளைப் போட்டு மதிப்பெண் வாங்கி வந்தவர்கள்தான் இவர்கள்.

அடுத்தது, எனக்குக் கோபம் வரும் விஷயம்: 'ஸ்லோ லேர்னர்', அதாவது மெதுவாகக் கற்பவர்கள் என்ற பட்டியல். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது காட்டுவதற்காக அதைத் தயாரித்து, சில இடங்களில் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை அதில் தன் பெயரைப் பார்த்த பிறகு உங்கள் வகுப்பில் வாயைத் திறக்குமா? 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள். ஆர்வம் இல்லை, அடிப்படை இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை என்று பேராசிரியர்கள் காரணம் சொன்னார்கள். அங்கிருந்த கணித ஆய்வாளர் யூரி டிரைஸ்மன் அந்த மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். உழைப்பில் குறையில்லை, ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகத் தேர்ச்சி பெற்ற சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர் தொடங்கிய பயிலரங்கில் பழைய பாடத்தை மறுபடி ஓட்டவில்லை; கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடச் சொன்னார். தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. நீங்களும் மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால், பட்டியலில் இருப்பவர்களை மட்டும் அழைக்காமல் எல்லோருக்கும் கதவைத் திறந்து, நாலு நாலு பேராக உட்காரவைத்து, பல்கலைத் தேர்வுத் தரத்தில் கணக்குக் கொடுங்கள்.

"போர்ஷன் முடியாதே" என்பார் துறைத்தலைவர். ஒரே மாதிரி மூன்று கணக்குகளைப் போர்டில் போடுவதில் ஒன்றை வீட்டுக்கு விட்டால் நேரம் கிடைத்துவிடும். புள்ளிவிவரம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டது. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்கள் வகுப்பிலேயே ஏதாவது செய்த இடங்களில் 21.8. (இதைப் பற்றிய பயிலரங்குகளில் நம்மை ஆறு மணி நேரம் ஸ்லைடு காட்டி உட்காரவைப்பது வேறு கதை.)

அசைன்மென்டுக்கு: செமஸ்டருக்கு ஒருமுறை இரண்டு நாள் தாமதம் எல்லோருக்கும் உண்டு, காரணம் கேட்கமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்குமேல் கண்டிப்பு. காரணம் கேட்கத் தொடங்கினால், வீட்டுக் கஷ்டத்தை உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்குச் சலுகையும், இரவில் கேட்டரிங் வேலைக்குப் போய்வந்து வாயைத் திறக்காதவருக்கு அபராதமும் கிடைக்கும். வருகைப்பதிவில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 75 சதவீத விதி உங்கள் கையில் இல்லை. அது சரிவதற்கு முன்பே எச்சரிப்பதுதான் உங்கள் வேலை.

ஒருவர் தொடர்ந்து வராவிட்டால் முதல் போன் அவருக்கே போகட்டும், அப்பாவுக்கு வேண்டாம். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். கல்லூரியிலிருந்து ஒரு புகார் போனதும் படிப்பை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பேச்சில் உயிரை வெறுத்த தொனி தெரிந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. தனியே விடாமல் கல்லூரி ஆலோசகரிடம் உடனே கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். அந்தச் சுமையை நீங்கள் ஒருவரே சுமக்க முயலாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் சந்தேகம் தீர்ப்பதும் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். நோட்டை ஒப்பிடும் பழக்கத்தை மட்டும் முதல் இன்டர்னலுக்கு முன்பே கொண்டுவந்துவிடுங்கள். முதல் விடைத்தாள் கைக்கு வந்த பிறகு, "கணக்கு நமக்கு வராது" என்று முடிவுகட்டியவர்களை மீட்பதற்கு இரட்டிப்பு உழைப்பு தேவைப்படும்.