பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது: கசியும் மீன்தொட்டி குறித்து

வணக்கம். இரண்டடித் தொட்டியின் கீழ்மூலையில் கசிவைக் கண்டு, பழைய சிலிக்கான் (கண்ணாடி இணைப்பை அடைக்கும் ரப்பர் போன்ற பசை) மேலேயே புதியதைப் பூசியும், இரண்டு நாள் கழித்து இன்னும் கசிவதாகவும் புளித்த வாடை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது மீன்களை விடாதீர்கள்.

இறுகிய சிலிக்கான் மேல் புதியது உறுதியாகப் பிடிப்பதில்லை. அவ்விரண்டுக்கும் இடையில்தான் நீர் வழி கண்டுகொள்கிறது. கசியும் மூலையில் மட்டுமன்றி, உள்விளிம்புப் பூச்சு முழுவதையும் பிளேடால் சுரண்டியெடுத்து, கண்ணாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். விரலால் தேய்க்கும்போது ரப்பர்போல் தடுக்கினால், பழைய படலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். கண்ணாடிகளைப் பிணைக்கும் இடுக்கினுள் பிளேடை நுழைக்க வேண்டாம். பிறகு உள்விளிம்பு முழுவதும் புதிய சிலிக்கானைப் பூசுங்கள். பூஞ்சைத் தடுப்பான் கலந்த குளியலறை வகை சிலிக்கானை வாங்கவே கூடாது. அது மீன்களுக்கு நஞ்சாகலாம்.

அந்த வாடை, சிலிக்கான் இறுகும்போது வெளியேறும் அசிட்டிக் அமிலத்தினுடையது. காற்றின் ஈரத்தைக் கொண்டு வெளியிலிருந்து உள்நோக்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவே அது இறுகுவதால், மேற்பரப்பு காய்ந்துவிட்டாலும் தடித்த மூலையின் உட்பகுதி பசையாகவே இருக்கும். ஆகவே புதிதாகப் பூசியபின் 7 நாள் விட்டுவிடுங்கள். வாடை அறவே நின்றபின், அடியில் செய்தித்தாள் விரித்து, நீர் நிரப்பி ஒரு முழுநாள் பாருங்கள். தாள் நனையவில்லையென்றால் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் நிரப்பலாம்.