கிருமி வளராத தட்டுகள்

அன்புள்ள ஐயா,

உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், ஓர் உணவில் நோய்க்கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதைக் கணித மாதிரிகளால் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் மகள் அதே முன்கணிப்பு நுண்ணுயிரியலில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நள்ளிரவுக்கு மேலும் ஆய்வகத்துக்குப் போய் மாதிரி எடுத்துவிட்டு வருகிறாள். பகலெல்லாம் தட்டுகளில் புள்ளி எண்ணுகிறாள். இவ்வளவுக்குப் பிறகும் அவளுடைய சோதனைகளில் பாதிக்கு மேல் கிருமி வளரவே இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று சோர்ந்துபோயிருக்கிறாள். கணினியே கணித்துவிடும் என்றால் இந்தக் கையுழைப்பு எதற்கு? வளராத கிருமியை எண்ணி யாருக்கு என்ன பயன்?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கணினி தானாக எதையும் கணித்துவிடுவதில்லை. இத்துறையின் மிகப் பழக்கமான சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டாஸ்மேனியாவில் பணியாற்றிய ராட்கோவ்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982-இல் அதை வெளியிட்டார்கள். குளிர்ந்த நிலையிலிருந்து வெப்பம் ஏற ஏற, பாக்டீரியாவின் வளர்ச்சி வேகத்தினுடைய வர்க்கமூலம் நேர்கோட்டில் உயர்கிறது என்பதே அதன் சாரம். அந்தக் கோடு சுழியைத் தொடும் வெப்பநிலை ஒரு கிருமிக்கு –1 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 4 டிகிரியில் இடைவெளி 5, அதன் வர்க்கம் 25. 8 டிகிரியில் இடைவெளி 9, வர்க்கம் 81. குளிர்பதனப் பெட்டி நான்கே டிகிரி சூடேறினால் கிருமி பெருகும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. கையால் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கில், அந்த –1 என்ற எண்ணை யாரோ பல வெப்பநிலைகளில் தட்டுகளை எண்ணித்தான் கண்டடைய வேண்டும். அதைக் கணினி தராது.

வளர்ச்சி வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கிருமி ஏற்றிய உணவில் 10 கிராம் எடுத்து, 90 மி.லி. நீர்மத்தோடு பையில் இட்டுக் குழைத்து, அதிலிருந்து 1 மி.லி.யை 9 மி.லி.யில் கலந்து, அதையே மீண்டும் மீண்டும் பத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலிருந்தும் 0.1 மி.லி.யை கிருமி வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் பரப்பி, இன்குபேட்டரில் ஒன்றிரண்டு நாள் வைத்த பிறகுதான் எண்ணவே முடியும். ஒரு தட்டில் காலனிகள், அதாவது கிருமிகள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள், ஏறத்தாழ 25-க்கும் 250-க்கும் இடையில் இருந்தால்தான் அந்த எண்ணிக்கையை நம்பலாம். புதிய சூழலில் விழுந்த கிருமி உடனே பெருகத் தொடங்குவதில்லை. சிறிது நேரம் தாமதித்துப் பிறகு வேகமெடுக்கிறது. அந்தத் திருப்பம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் நிகழ்ந்தால், அந்நேரத்துப் புள்ளிகள் இல்லாத வரைபடத்திலிருந்து தாமதம் எவ்வளவு என்பதை எந்தச் சமன்பாட்டாலும் மீட்க முடியாது. உங்கள் மகள் அந்த நேரத்தில் ஆய்வகத்துக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அவர் மனம் சோர்ந்திருப்பது வளராத சோதனைகளால் என்கிறீர்கள். என் பார்வையில் அவருடைய ஆய்வின் மதிப்புமிக்க பகுதியே அதுவாக இருக்கக்கூடும். எந்த அமிலத்தன்மையில், எந்த உப்பளவில், எந்த வெப்பநிலையில் கிருமி பெருகாமல் நின்றுவிடும் என்ற எல்லையை வளர்ந்த சோதனைகளை மட்டும் வைத்துக்கொண்டு வரைய முடியாது. கோட்டின் இரு பக்கங்களிலும் தரவு வேண்டும். ராட்கோவ்ஸ்கியும் ராஸும் 1995-இல் இந்த எல்லையையே தனியாக மாதிரியாக்கிக் காட்டினார்கள். அவர்களுடைய முறையில் ‘வளர்ந்தது’, ‘வளரவில்லை’ இரண்டும் சம உரிமையுள்ள விடைகள்.

இது ஆய்வேட்டோடு நின்றுவிடும் விஷயமுமல்ல. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற நோய்க்கிருமி குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் 2017-18-இல் உண்ணத் தயார் நிலையில் விற்கப்பட்ட பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி 200-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 ஒழுங்குமுறை, அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவான பி.எச். 4.4-ஐத் தாண்டாத உணவிலும், கிருமிக்குக் கிடைக்கும் நீரைக் குறிக்கும் ‘நீர்ச் செயற்பாடு’ 0.92-ஐத் தாண்டாத உணவிலும் இக்கிருமி வளராது என்று ஏற்றுக்கொள்கிறது. பி.எச். 5.0-ஐயும் தாண்டாமல், நீர்ச் செயற்பாடு 0.94-ஐயும் தாண்டாமல் இருக்கும் உணவுக்கும் அதே சலுகை உண்டு. இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். தனித்தனியே போதாத அமிலமும் வறட்சியும் கைகோத்தால் கிருமியைத் தடுத்துவிடுகின்றன. இப்படி ஒரு வரியைச் சட்டத்தில் எழுதத் துணிவதற்கு, வளராமல் போன எத்தனையோ தட்டுகளின் சாட்சியம் வேண்டும்.

ஆனால் ‘வளரவில்லை’ என்று மட்டும் குறித்து வைத்தால் போதாது. கிருமி செத்துவிட்டதா, எண்ணிக்கை மாறாமல் உயிரோடு காத்திருக்கிறதா, அல்லது தாமதம் முடிவதற்குள் சோதனையை நிறுத்திவிட்டோமா என்பவை மூன்றும் வெவ்வேறு உண்மைகள். பத்து நாள் பார்த்து வளரவில்லை என்பதற்கும் அறுபது நாள் பார்த்து வளரவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு, அந்த உணவின் காலாவதித் தேதியையே மாற்றிவிடும். எந்தக் கிருமி வகை, தொடக்கத்தில் எத்தனை செல்கள், எத்தனை நாள் கண்காணிப்பு, எவ்வளவு குறைந்த எண்ணிக்கை வரை அந்த முறையால் கண்டறிய முடியும் என்ற விவரங்கள் இல்லாத தரவை இன்னோர் ஆய்வாளர் நம்பிக் கையாள இயலாது.

பல்கலைக்கழகங்கள் இத்துறையில் புதிய சமன்பாட்டுக்குத் தரும் மரியாதையை நல்ல அளவீட்டுக்குத் தருவதில்லை. இது அநீதி என்றே கருதுகிறேன். ஒரு கணித மாதிரி தனக்குத் தரவு கிடைத்த எல்லைக்குள் மட்டுமே பேசத் தகுதியுள்ளது. அந்த எல்லையை விரிப்பவர்கள் எண்ணுகிறவர்கள்தாம். இதை நன்றாக உணர்ந்திருந்த பிரிட்டன், அமெரிக்க ஆய்வாளர்கள், தத்தம் நாட்டில் சேர்ந்திருந்த அளவீடுகளை ஒன்றாக்கி 2003-இல் காம்பேஸ் என்ற தரவுத்தளத்தைத் திறந்துவைத்தார்கள். இன்று அதில் 60,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

உங்கள் மகள் முதலில் தம்முடைய உணவு, பி.எச்., வெப்பநிலைக்கு ஒத்த பதிவுகள் அங்கே எத்தனை இருக்கின்றன என்று தேடிப் பார்க்கட்டும். அவை குறைவாக இருந்தால் அதையே தம் வழிகாட்டியிடம் எடுத்துச் சொல்லி, வளராத சோதனைகளின் அட்டவணையைப் பின்னிணைப்புக்குத் தள்ளாமல், மேலே சொன்ன விவரங்களோடு ஆய்வேட்டில் தனி அத்தியாயமாகவே எழுதச் சொல்லுங்கள்.