கந்துவட்டி: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: மேடம், தெரிந்தவரிடம் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினேன். 14 மாதமாக வட்டிதான் கட்டுகிறேன், அசல் அப்படியே நிற்கிறது. இது குற்றமில்லையா?

பதில்: குற்றம்தான். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். தமிழ்நாட்டில் தனியாரிடம் வாங்கும் பிணையில்லாக் கடனுக்கு உச்ச வட்டியே ஆண்டுக்கு 12 சதவீதம். மீறினால், 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். நீங்கள் இதற்குள் 1,40,000 ரூபாய் கட்டிவிட்டீர்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் அசலைச் சட்டம் தள்ளுபடி செய்யாது. சட்டப்படியான வட்டியோடு பாக்கியை நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதியக் கேட்கலாம். 5-ஆவது பிரிவு அதற்குத்தான். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: தண்டல்காரர் 10,000 என்று எழுதி 8,500 தந்தார். 100 நாள், தினம் 100 ரூபாய். வட்டியே இல்லை என்கிறாரே?

பதில்: பிடித்துக்கொண்ட 1,500 ரூபாய்தான் வட்டி. தினமும் அசல் குறைவதால், ஆண்டுக் கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டும். மீட்டர் வட்டி, தண்டல் இரண்டையும் கந்துவட்டித் தடைச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

கேள்வி: கையெழுத்து மட்டும் போட்டு வெற்று காசோலை கொடுத்துவிட்டேன். அது செல்லாதுதானே?

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். வெற்றுக் காசோலையாகக் கொடுத்திருந்தாலும், கையெழுத்து உங்களுடையது என்றால் கடனுக்காகத் தந்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டியது நீங்கள்தான். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்பாமல் விடாதீர்கள்.

கேள்வி: ஃபைனான்ஸில் தவணைக்கு ஃபிரிட்ஜ் எடுத்தேன். வட்டி 12 சதவீதம் என்றார்கள், கணக்கு இடிக்கிறதே?

பதில்: அது 'ஃபிளாட்' வட்டி, அதாவது நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே போடும் வட்டி. ஓராண்டுத் தவணையில் உண்மை வட்டி 21 சதவீதத்துக்கு மேல். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனம் என்றால் மாநில வட்டிச் சட்டம் பொருந்தாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கேள்வி: வீட்டு வாசலில் நின்று கேவலமாகப் பேசுகிறார்கள். அப்பா "செத்துடலாம்" என்கிறார்.

பதில்: தம்பி, முதலில் அப்பாவைத் தனியாக விடாதீர்கள். 104-க்கு அழையுங்கள், ஆலோசனை தருவார்கள். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: கடனை வசூலிக்க இப்படித் துன்புறுத்துவதே தண்டனைக்குரிய குற்றம், குற்றவாளி அவரல்ல. இன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.