இரண்டு மாணவர் கதை

அன்புள்ள ஐயா,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் நான். சிகாகோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். வானியற்பியலாளர் சந்திரசேகர் வேலை பார்த்த யெர்கீஸ் வானாய்வகம் இரண்டு மணி நேரப் பயணமாம். சிகாகோ பல்கலைக்கழக வளாகத்திலேயே ரையர்சன் இயற்பியல் கூடம் இருக்கும்போது அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா? இரண்டே மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பனியில் 100 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிய மகான் அவர்!

அன்புள்ள நண்பருக்கு,

ஆசிரியர் தினம் வந்தால் போதும், இந்தக் கதை என் கைபேசிக்கு வந்துவிடும். அந்த இருவர், லீயும் யாங்கும், 1957இல் நோபல் வாங்கினார்கள், சரி. சந்திரசேகர் ஏன் அவ்வளவு தூரம் ஓட்ட வேண்டியிருந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வாத்தியார்களும் கேட்பதில்லை.

இயற்பியலுக்கு 1894இலேயே ஊருக்குள் ரையர்சன் எழுந்துவிட்டது. மைக்கல்சன், மில்லிகன் போன்ற இயற்பியலாளர்கள் எல்லாம் அங்கேதான். வானியலுக்கு நகரத்துப் புகையும் வெளிச்சமும் ஆகாது. ஆகவே விஸ்கான்சினில் ஏரிக்கரைச் சிற்றூரான வில்லியம்ஸ் பேயில் 1897இல் பல்கலைக்கழகத்தின் வானாய்வகமாக யெர்கீஸ் திறக்கப்பட்டது. நகரத்தை விட்டு விலகப் பணம் கொடுத்தவர் அந்த நகரத்தின் டிராம் முதலாளி! அங்குள்ள தொலைநோக்கிக்கு 40 அங்குல லென்ஸ். தொலைநோக்கி சாயும் கோணத்துக்கேற்ப, பார்ப்பவரைச் சுமந்துகொண்டு தரையே ஏறி இறங்கும். லென்ஸ் அதற்கு மேல் பெரிதானால் தன் எடையிலேயே வளைந்துவிடும். அடுத்து வந்த பெரிய தொலைநோக்கிகள் லென்ஸை விட்டு, ஒளியைப் பிரதிபலிக்கும் ஆடிக்கு மாறிவிட்டன.

சந்திரா என்கிற சந்திரசேகர் அங்கே சேர்ந்தது 1937இல். அடுத்த ஆண்டு சிகாகோ வளாகத்தில் அவர் வகுப்பெடுக்க ஏற்பாடானது. அறிவியல் பிரிவின் டீன் மறுத்தார். காரணம், தோல் நிறம். பல்கலைக்கழகத் தலைவர் ஹச்சின்ஸ் தலையிட்ட பிறகே வகுப்பு நடந்தது. நம் ஆள் கார் ஓட்டிப் போனது அந்த வளாகத்துக்குத்தான் ஐயா! உங்கள் கதையில் இது எங்கே? பனி இருக்கிறது, கார் இருக்கிறது, நோபல் இருக்கிறது, டீனை மட்டும் காணோம். சந்திராவை மகான் ஆக்கிவிட்டால் அந்த அவமானத்தைப் பற்றி நாம் பேச வேண்டியதில்லை அல்லவா? கட்டட வரலாறு எழுதுகிறவர்களும் இப்படித்தான். கட்டியவர் பெயர், கோபுர உயரம், திறப்பு விழா எல்லாம் இருக்கும். யாரை வாசலில் நிறுத்தினார்கள் என்பது இருக்காது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் என்பதால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

யெர்கீஸுக்குப் போய் வாருங்கள். 2018இல் பல்கலைக்கழகம் அங்கே வேலையை நிறுத்திவிட்டது. இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ரையர்சனை ஒரு மாலை நடையில் பார்த்துவிடலாம். போகும் வழியில் டீன் விஷயத்தை மகனுக்குச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரம் இருக்கிறதே.