பாஞ்சாலி வேடமும் பட்டனும்

வணக்கம் ஐயா,

பாரதக் கூத்தின் பெண் வேடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தம்பி பிளஸ் டூ. எந்நேரமும் வீடியோ கேம்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். அதில் வரும் பெண்ணை யாராவது தூக்கிப் போகிறார்கள், இல்லை கொல்கிறார்கள். உடனே நாயகன் கிளம்பிவிடுகிறான். அவளே ஆயுதம் எடுத்தால் உடம்பில் துணி குறைந்துவிடுகிறது. பெண் நாயகியாக ஒரு கேம் வந்தால், 'வேணும்னே திணிக்கிறாங்க' என்கிறான் தம்பி. இதையெல்லாம் கதை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு வாசகி, ஊத்தங்கரை

அன்புள்ள வாசகிக்கு,

எனக்கு கேம் பழக்கியது என் அக்கா மகன். முதல் இரண்டு நாள் சுவரில் முட்டிக்கொண்டே நின்றேன். ஆகவே நான் சொல்வதைக் கத்துக்குட்டியின் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தூக்கிப்போகும் கதை 1981இல் வந்த டாங்கி காங் என்ற கேமிலேயே இருக்கிறது. குரங்கு ஒரு பெண்ணோடு சாரத்தின் உச்சியில் நிற்கும். முதலில் அவள் வெறும் 'லேடி'. பாலின் என்ற பெயர் பிறகுதான் வந்தது. அவள் நின்ற இடத்தில் ஒரு மூட்டை கேழ்வரகை வைத்தாலும் ஆட்டம் நடக்கும். (ஜப்பான்காரர்களை மட்டும் சொல்வானேன். நம் பக்கத்து நடுகற்கள் சிலவற்றில், செத்த வீரனைத் தேவமாதர் மேலே அழைத்துப் போகிறார்கள். அங்கேயும் பெண் வீரனுக்குப் பரிசுதான்.) 1986இல் மெட்ராய்டு என்ற கேம் வந்தது. கவசத்துக்குள் இருந்தது சாமஸ் என்ற பெண் என்பது கடைசியில்தான் தெரியும். அதுவரை சரி. ஆனால் ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த துணியோடு வந்து நிற்பாள். நாயகியே பரிசும் ஆகிவிட்டாள்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் பாஞ்சாலி கட்டியவர் பகலில் புளி தட்டும் கூலிக்காரர். துகில் உரியும் இரவில், மீசை மழித்த அந்த முகத்தைப் பார்த்துப் பெண்கள் அழுவார்கள். யாரும் திணிப்பு என்று சொன்னதில்லை. பாஞ்சாலி கதையும் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தில்தான் சூடுபிடிக்கிறது, நீங்கள் சொல்லும் கேம்களைப் போலவே. ஆனால் சபதம் அவளுடையது. கூத்தின் கடைசிப் போரான படுகளத்தில் பீமன் துரியோதனனைச் சாய்த்த பிறகும் கூட்டம் கலையாது. அவள் கூந்தல் முடிய வேண்டும். 2005இல் வந்த காட் ஆஃப் வார் கேமில் நாயகன் கிரேட்டோஸின் மனைவியும் மகளும் செத்துப்போனவர்கள். கோபம், குற்ற உணர்ச்சி, கதை எல்லாம் அவனுக்கு.

கேம் ஆடுவதும் வேடம் கட்டுவதுதான். 1996இல் டூம் ரைடர் கேமின் நாயகியாக லாரா கிராஃப்ட் வந்தபோது பையன்கள் லட்சக்கணக்கில் அவளை ஓட்டினார்கள். ஆனால் கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பலர் வேடம் கட்டவில்லை, வேடிக்கை பார்த்தார்கள். 2013இல் ரியானா பிராட்செட் எழுதிய புது லாராவுக்குக் குளிர்கிறது, பயமாக இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது. அவள் சாகும் காட்சிகளை அத்தனை ஆசையாகக் காட்டியிருக்க வேண்டாம்.

அதனால் பெண் வாள் பிடித்திருக்கிறாளா என்று நான் பார்ப்பதில்லை. பட்டனை அழுத்தினால் எதைச் செய்கிறாள் என்று பார்க்கிறேன். 2023இல் வந்த வெண்பா என்ற கேமை உங்கள் தம்பியிடம் கொடுத்துப் பாருங்கள். நாயகி 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பெண். அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம்தான் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். சண்டை கிடையாது. மகன் தமிழில் பேசுவது குறையக் குறைய அவளுக்கு ஏறுகிற வலி நம் விரலிலும் ஏறுகிறது.

என் அக்கா மகன் முதல் இட்லியிலேயே மாட்டிக்கொண்டான். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினான்: "அம்மா, இட்லித் தட்டை எப்படிம்மா அடுக்குவ?"

அக்கா ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பதினேழு வருசமா திங்கற. இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?"